எதற்காக?

"எவ்வளவு?" என்று கேட்கத் தெரியாத மனிதர் இல்லை. சம்பளம் எவ்வளவு, மனை எத்தனை சதுர அடி, பிள்ளையின் மதிப்பெண் எவ்வளவு என்று காலை முதல் இரவு வரை கேட்டுக்கொண்டே இருக்கிறோம். "எப்படி?" என்ற கேள்வியும் நமக்குக் கைவந்ததே. எப்படிச் சம்பாதிப்பது, எப்படிச் சேமிப்பது, எப்படி முந்துவது என்பதற்கெல்லாம் வழிகாட்ட நூறு பேர் இருக்கிறார்கள். ஆனால் "எதற்காக?" என்ற கேள்வி மட்டும் நம்மிடம் அபூர்வமாகவே எழுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போதோ, மயானத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலோ அது ஒரு கணம் மின்னுகிறது. மறுநாள் காலையில் மறைந்துவிடுகிறது.

அவ்வாறு மறைய விடாமல் அந்தக் கேள்வியைப் பற்றிக்கொள்வதே ஆன்மிக வாழ்வின் தொடக்கம். நம் முன்னோர் இதனைப் புருஷார்த்தம் என்ற சொல்லால் குறித்தனர். மனிதன் நாடத் தக்கது எது என்ற ஆராய்ச்சி அது. நம் நாட்டிலிருந்து வெகு தொலைவில், கிரேக்க தேசத்திலும் ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்பு சில பேரறிஞர்கள் இதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். தனி மனிதனின் ஒழுக்கத்தையும் நாட்டின் ஆட்சிமுறையையும் அந்த ஒரே கேள்வியின் மீது கட்டினார்கள். அவர்கள் கண்ட உண்மையையும், அவர்களுடைய அறிவு சறுக்கிய இடத்தையும், ஹைதராபாதுக்கு அருகே ஒரு சிற்றூரில் அந்தக் கேள்விக்கு எழுந்த ஒரு விடையையும் இங்கே சிந்திப்போம்.

விதையும் விருட்சமும்

பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்ற நூலின் முதற்பகுதியில் சாக்ரடீஸ் ஓர் எளிய உதாரணம் கூறுகிறார். திராட்சைக் கொடியை எந்தக் கத்தியாலும் வெட்டலாம். எனினும், அதற்கென்றே செய்யப்பட்ட அரிவாள் வெட்டுவது போல வேறெதுவும் நன்றாக வெட்டாது. ஆகவே அதுதான் அந்த அரிவாளின் தொழில். பார்ப்பது கண்ணின் தொழில்; கேட்பது காதின் தொழில். இவ்விதம் ஒவ்வொரு பொருளுக்கும் அதனால் மட்டுமே செய்யக்கூடிய, அல்லது அதுவே மிக நன்றாகச் செய்யக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அப்படியானால் ஆன்மாவின் தொழில் என்ன? ஆலோசிப்பது, ஆள்வது, வாழ்வது என்கிறார் சாக்ரடீஸ். அந்தத் தொழிலை ஆன்மா செம்மையாகச் செய்ய உதவும் சிறப்பே நீதி என்பது அவர் வந்து சேரும் முடிவு.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில், கி.மு. 384-இல் ஸ்டாகிரா என்ற ஊரில் பிறந்தவர். தந்தை மாசிடோனிய அரசரின் வைத்தியர். பதினேழு வயதில் ஏதென்ஸ் நகருக்கு வந்து பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் இருபது ஆண்டுகள் தங்கினார். வைத்தியரின் மகனுக்கு உயிர்களின் மீது தீராத ஆர்வம். மீன்களையும் பறவைகளையும் தேனீக்களையும் கூர்ந்து ஆராய்ந்தார். அடைகாத்த கோழி முட்டையில் இதயம் முதலில் ஒரு ரத்தப் புள்ளியாகத் தோன்றித் துடிப்பதைக் கண்டு எழுதி வைத்தார்.

அந்த ஆராய்ச்சியிலிருந்து அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஆலம் விதையைப் பிளந்து எத்தனை துண்டாக்கினாலும் அது என்ன என்று முழுமையாகத் தெரியாது. அது ஆலமரமாகி நிழல் தரும்போதுதான் 'இது இதற்காகவே இருந்தது' என்று தெரிகிறது. ஒரு பொருளின் இயல்பு அதன் நிறைவில் வெளிப்படுகிறது. அந்த நிறைவுக்கு கிரேக்க மொழியில் 'டெலோஸ்' என்று பெயர். நோக்கம், முடிவு, முழுமை ஆகிய மூன்று பொருளும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். தமிழில் 'பயன்' என்றும் 'பேறு' என்றும் நாம் சொல்லும்போது நம் மனத்தில் எழுவது ஏறக்குறைய அதுவே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "இயற்கைக்கு நோக்கம் உண்டு என்பதை இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லையே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எவரும் திட்டமிடாமலேயே உயிர்களின் உறுப்புகள் தத்தம் வேலைக்குப் பொருந்தி அமைவது எங்ஙனம் என்பதை 1859-இல் வெளிவந்த டார்வினின் நூல் விளக்கிவிட்டது. மழை பயிருக்காகப் பெய்கிறதா என்பதை விஞ்ஞானிகளே சொல்லட்டும். ஆனால் பெய்த மழையை நான் எதற்காகப் பயன்படுத்துகிறேன் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் எனக்காக முடிவு செய்ய இயலாது. கிரேக்கர்களின் அறநூல்கள் இன்றும் உயிரோடிருப்பது இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

மனிதனின் தொழில்

குழல் வாசிப்பவருக்கு ஒரு தொழில் உண்டு. சிற்பிக்கு ஒரு தொழில் உண்டு. கைக்கும் காலுக்கும் தனித்தனித் தொழில் உண்டு. அப்படியிருக்க, மனிதனுக்கு மனிதன் என்ற முறையில் தொழில் இல்லாமல் போகுமா? அரிஸ்டாட்டில் தம் அறநூலில் இந்தக் கேள்வியை எழுப்பிப் படிப்படியாக விடை தேடுகிறார்.

உண்பதும் வளர்வதும் மனிதனுக்கே உரிய தொழில் ஆகாது. செடிகொடிகளும் அதைச் செய்கின்றன. காண்பதும் கேட்பதும் இன்ப துன்பங்களை உணர்வதும் ஆகாது. ஆடு மாடுகளுக்கும் அவை உண்டு. எஞ்சி நிற்பது பகுத்தறிவு ஒன்றே. ஆகவே அறிவின் வழிநின்று, நற்குணங்களோடு, வாழ்நாள் முழுவதும் செயலாற்றுவதே மனிதனின் தொழில். அப்படி வாழ்வதற்குத்தான் அவர் 'இன்பம்' என்று பெயர் வைத்தார். அது நாவுக்கோ தோலுக்கோ கிடைக்கும் சுகம் அன்று. விதை மரமானது போல, மனிதன் மனிதனாக மலர்ந்த நிலை அது.

உண்பது, உறங்குவது, அஞ்சுவது, இனம் பெருக்குவது ஆகிய நான்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் பொது. தர்மமே மனிதனை வேறுபடுத்துகிறது என்று நம் பெரியோர்கள் காலங்காலமாகக் கூறி வருவதை அன்பர்கள் அறிவார்கள். இரு நதிகளும் இந்த இடத்தில் அருகருகே ஓடுகின்றன. பிறகு சற்றுப் பிரிகின்றன. தியானமயமான அறிவு வாழ்க்கையே எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று அரிஸ்டாட்டில் தம் அறநூலின் கடைசிப் பகுதியில் சொல்கிறார். அறிவே அவருக்கு இறுதிப்படி. வேதாந்தமோ அறிவையும் ஒரு கருவியாகவே கருதுகிறது. அந்தக் கருவிக்குப் பின்னால் நின்று அதனை ஒளிரச் செய்யும் ஆன்மா ஒன்று உண்டு. அது எல்லோரிடத்தும் ஒன்றே என்று அது முழங்குகிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அது எவ்வளவு பெரியது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

நகரம் எதற்காக?

தனி மனிதனைப் பற்றிக் கேட்ட கேள்வியை அரிஸ்டாட்டில் சமுதாயத்தின் முன்னும் வைக்கிறார். குடும்பங்கள் சேர்ந்து கிராமம் ஆயின. கிராமங்கள் சேர்ந்து நகர அரசு ஆயின. பசியும் பயமும் மனிதர்களை ஒன்று சேர்த்தது உண்மை. ஆனால் சேர்ந்த பின் நகரம் நிலைத்திருப்பது வெறுமனே உயிர் வாழ்வதற்காக அன்று; நன்றாக வாழ்வதற்காக. மதிலும் சந்தையும் இருப்பதால் மட்டும் ஓர் இடம் நகரமாகிவிடாது. அங்கு வாழ்பவர்கள் ஒருவரையொருவர் நல்லவர்களாக்க உதவினால்தான் அது நகரம்.

விலங்குகளுக்கும் குரல் உண்டு; வலித்தால் கத்தும், மகிழ்ந்தால் கூவும். மனிதனுக்கோ பேச்சு உண்டு. 'இது நியாயம், இது அநியாயம்' என்று எடுத்துச் சொல்லவே அந்தப் பேச்சு வாய்த்தது. நியாயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்ட ஊர், எத்தனை உயரமான கட்டடங்களை எழுப்பினாலும் நகரம் என்ற பெயருக்குத் தகுதியுடையதாகாது.

பொருளுக்கு ஓர் எல்லை

இங்கிருந்து அரிஸ்டாட்டில் செல்வத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருகிறார். நம் காலத்துக்கு மிகவும் தேவையான பகுதி இது.

ஒரு செருப்புக்கு இரண்டு உபயோகம் உண்டு. காலில் அணிந்துகொள்வது ஒன்று. மற்றொருவருக்குக் கொடுத்து வேறொரு பொருளைப் பெறுவது இரண்டாவது. முதலாவது செருப்பின் இயல்பான பயன். செருப்பு உண்டானது அதற்காகத்தான். இரண்டாவது குற்றமன்று, தேவைகள் பரிமாறிக்கொள்ளப்பட அது வேண்டும். ஆனால் இந்த இரண்டாவது உபயோகம் வளர்ந்து, பணம் என்ற ஒன்று புகுந்து, பணத்துக்காகவே பணம் என்ற நிலை வரும்போது சங்கடம் தொடங்குகிறது. வயிற்றுக்கு எல்லை உண்டு. காலுக்கு எத்தனை ஜோடி செருப்பு வேண்டும் என்பதற்கும் எல்லை உண்டு. பணத்துக்கு மட்டும் எல்லையே தெரிவதில்லை. செல்வம் நன்றாக வாழ்வதற்கான கருவி. எந்தக் கருவியும் அதன் வேலைக்கு வேண்டிய அளவை மீறினால் பாரமாகிவிடும். தொட்டதெல்லாம் பொன்னாக வரம் பெற்ற மைதாஸ் அரசன் உணவும் பொன்னாகிப் பசியால் வாடிய பழங்கதையை அரிஸ்டாட்டிலே இந்த இடத்தில் நினைவூட்டுகிறார்.

இந்தக் கிரேக்கச் சிந்தனை ஹைதராபாதுக்குப் புதியதன்று. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் 1918-இல் உருது வழிக் கல்விக்காக உஸ்மானியா பல்கலைக்கழகத்தை நிறுவினார். பாடநூல்களை உருவாக்க அதற்கு முந்தைய ஆண்டிலேயே அங்கு ஒரு மொழிபெயர்ப்புத் துறை அமைக்கப்பட்டது. புகழ்பெற்ற உருது நாவலாசிரியர் மிர்சா ஹாதி ருஸ்வா அத்துறையில் பணியாற்றி, மேலைத் தத்துவ நூல்களை உருதுவில் தந்தார். அரிஸ்டாட்டிலின் அறநூலும் அவற்றுள் ஒன்று.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நிஜாமைத்தான் 1937-இல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை உலகின் மிகப் பெரிய செல்வந்தர் என்று அட்டைப்படமிட்டு வெளியிட்டது. செல்வத்துக்கு எல்லை எது என்று கேட்கும் நூல் உலகின் முதற்பெரும் செல்வந்தரின் தலைநகரில் மொழிபெயர்க்கப்பட்டது! அவர் பல்கலைக்கழகம் கண்டார், மருத்துவமனை கட்டினார். 1908-இல் மூசி நதி பெருக்கெடுத்து நகரைச் சூறையாடிய பிறகு, அவருடைய ஆட்சியில் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற நீர்த்தேக்கங்கள் எழுந்தன. செல்வம் தன் இயல்பான பயனை அடைந்த இடங்கள் இவை; நன்றியுடன் நினைக்கத் தக்கவை. ஆனால் அதே ராஜ்யத்தின் கிராமங்களில், உழுபவனுக்கு நிலமில்லை. உழைப்பவனுக்குக் கூலியில்லை என்ற நிலை நீடித்தது.

பேரறிஞரின் பிழை

அந்தக் கிராமங்களின் வேதனையைப் புரிந்துகொள்ள அரிஸ்டாட்டிலிடமே மீண்டும் செல்ல வேண்டும். அவருடைய அறிவு சறுக்கிய இடம் அங்கேதான் இருக்கிறது.

எல்லாப் பொருளுக்கும் இயல்பான நோக்கம் உண்டு என்று கண்ட அந்தப் பேரறிஞர், சில மனிதர்களின் இயல்பான நோக்கமே பிறருக்கு அடிமையாக இருப்பது என்றும் எழுதிவிட்டார். அடிமையை 'உயிருள்ள கருவி' என்றார். தறியின் நாடா தானாகவே ஓடி நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்றும் குறிப்பிட்டார். அடிமை முறை இயற்கைக்கு மாறானது, பலவந்தத்தால் வந்தது என்று வாதிட்டவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள்; அவரே அதைப் பதிவு செய்திருக்கிறார். இருந்தும் தம் காலத்து ஏதென்ஸ் எதைப் பழக்கமாகக் கொண்டிருந்ததோ அதை 'இயற்கை' என்று நம்பிவிட்டார். பின்னாளில் டயோஜனிஸ் லேர்ஷியஸ் என்பவர் தொகுத்த வரலாற்றில் அரிஸ்டாட்டிலின் உயில் இடம்பெற்றுள்ளது. தமக்குப் பணி செய்த அடிமைச் சிறுவர்களை விற்கக் கூடாது, உரிய வயதில் விடுவிக்க வேண்டும் என்று அதில் அவர் எழுதியிருக்கிறார். ஏட்டில் எழுதிய வாதத்தைவிட அவருடைய இதயம் உயர்ந்திருந்தது.

அந்த வாதத்துக்குக் காலமே விடை சொன்னது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து எபிக்டெட்டஸ் என்றொரு அடிமை தோன்றினார். விடுதலை பெற்றபின் தத்துவ ஆசிரியரானார். மனிதனின் உள்ளத்தை எந்த எஜமானனும் விலைக்கு வாங்க முடியாது என்று போதித்தார். ரோமாபுரிப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் அவருடைய உபதேசங்களைப் படித்துத் தம்மைப் பண்படுத்திக்கொண்டார். 'கருவி' எனப்பட்டவர் பேரரசருக்கே ஆசான் ஆனார்.

கிரேக்கரைக் குறை கூறிவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியுமா? எல்லோரிடத்தும் ஒரே ஆன்மா என்று பறைசாற்றிய நாடு நம்முடையது. அந்த நாட்டிலேயே, 'உன் பிறவியின் நோக்கம் எனக்குத் தொண்டு செய்வது' என்று மனிதனைப் பார்த்து மனிதன் சொன்னான். அதற்கு தர்மம் என்ற பெயரையும் சூட்டினான். அரிஸ்டாட்டிலிடம் அந்த வேதாந்த உண்மை இல்லை, அதனால் தவறினார். நம்மிடம் இருந்தும் தவறினோம் என்றால் எவருடைய குற்றம் பெரிது?

தெலங்கானா கிராமங்களில் இந்தக் கொடுமைக்கு 'வெட்டி' என்று பெயர். தேஷ்முக்குகள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஏழைத் தொழிலாளர்கள் கூலியின்றி வேலை செய்தாக வேண்டும். மண்பாண்டம் செய்பவர், துணி வெளுப்பவர், தோல் தொழில் செய்பவர், நிலத்தில் உழைப்பவர் என ஒருவருக்கும் விலக்கில்லை. 'வெட்டி' தமிழுக்கும் பழக்கமான சொல்தான். கூலியில்லாக் கட்டாய உழைப்பைச் சோழர் காலக் கல்வெட்டுகள் இதே பெயரால் குறிக்கின்றன. இன்று நாம் 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள் கொள்கிறோம். செய்பவனுக்குப் பயன் சேராத உழைப்பும் நோக்கமற்ற உழைப்பும் நம் மொழியில் ஒரே பெயரைப் பெற்றிருக்கின்றன. ஒரு மனிதனை மற்றொருவனின் கருவியாக்கும்போது அவனுடைய வாழ்வின் 'எதற்காக' திருடப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

போச்சம்பள்ளியில் ஒரு நாள்

கோபம் பொங்கியது. 1946 முதல் தெலங்கானாவில் விவசாயிகள் ஆயுதம் ஏந்திப் போராடினார்கள். 1948 செப்டம்பரில் ஹைதராபாத் ராஜ்யம் இந்தியாவுடன் இணைந்தது. மறு ஆண்டில் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டன. ஆயினும் கிராமங்களில் ரத்தம் சிந்துவது நிற்கவில்லை. ஒருபுறம் துப்பாக்கி ஏந்திய புரட்சியாளர்கள், மறுபுறம் காவல் படைகள், இடையில் பயந்து ஒடுங்கிய ஏழைகள்.

அச்சூழலில்தான் 1951 ஏப்ரலில், ஹைதராபாதை அடுத்த சிவராம்பள்ளியில் சர்வோதய மாநாடு நடைபெற்றது. ஆசார்ய வினோபா பாவே வார்தா அருகிலுள்ள பவுனாரிலிருந்து சுமார் 300 மைல் நடந்தே வந்து அதில் கலந்துகொண்டார். 1932-இல் துலியா சிறையில் கைதிகளுக்கு கீதையை விளக்கி உரையாற்றிய மகான் அவர். மாநாடு முடிந்ததும் கலவரம் மிகுந்த கிராமங்களுக்குள் நடக்கத் தொடங்கினார்.

ஏப்ரல் 18-ஆம் நாள் நல்கொண்டா மாவட்டத்தின் போச்சம்பள்ளியை அடைந்தார். ஊரின் ஹரிஜன மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டார் வினோபா. பிழைப்பதற்கு நிலம் வேண்டும் என்றார்கள். "எவ்வளவு?" என்று கேட்டார். தங்களுக்குள் கலந்து பேசி, 40 ஏக்கர் நன்செய், 40 ஏக்கர் புன்செய், ஆக 80 ஏக்கர் போதும் என்றார்கள்.

அன்பர்களே, இந்த விடையைச் சற்று நின்று நோக்குங்கள். எதற்காக என்று தெரிந்தவனுக்கு எவ்வளவு என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. உழுது உண்பதற்காக என்பதால் அவர்களின் தேவைக்கு ஓர் எல்லை இருந்தது. அரிஸ்டாட்டில் நூல் எழுதி விளக்கிய உண்மையை எழுத்தறியாத அந்த ஏழைகள் ஒரே எண்ணில் சொல்லிவிட்டார்கள்.

அரசாங்கத்திடம் சொல்லிப் பார்க்கலாம் என்று வினோபா முதலில் எண்ணினார். பிறகு அங்கே கூடியிருந்த ஊராரையே பார்த்து, இவர்களுக்கு உதவ உங்களில் எவரேனும் இருக்கிறீர்களா என்று கேட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்ற நிலச்சுவான்தார் எழுந்தார். 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். கேட்டதோ 80, கிடைத்ததோ 100. பூதான இயக்கம் பிறந்தது. தொடர்ந்து 51 நாட்கள் தெலங்கானாவில் நடந்த வினோபாவுக்கு ஏறத்தாழ 12,000 ஏக்கர் தானமாகக் கிடைத்தது.

காற்று, நீர், வெயில் போல நிலமும் இறைவன் எல்லோருக்கும் அளித்த கொடை என்பது வினோபாவின் கொள்கை. உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாகக் கருதி, ஏழைகளுக்காக என் பங்கைக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். நிலத்தைப் பறிக்கவில்லை. நிலம் எதற்காக என்பதை நினைவூட்டினார்.

பிளேட்டோ, காவலர்களுக்குச் சொந்த உடைமையே கூடாது என்றார். அரிஸ்டாட்டில் அதை ஏற்கவில்லை. உடைமை தனித்தனியாக இருக்கட்டும். உபயோகத்தில் அது பொதுவாகட்டும் என்றார். தன்னுடையது என்று ஒன்று இருந்தால்தானே ஒருவன் அதைக் கொடுத்து வள்ளலாக முடியும்? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் கொடுக்கும் குணம் எங்கே மலரும்? போச்சம்பள்ளியில் நிலம் மட்டும் கைமாறவில்லை. கொடுத்தவரின் உள்ளமும் மலர்ந்தது. செல்வம் தன் 'டெலோஸ்' எனும் நிறைவை அடைந்த தருணம் அது.

ஊற்று வற்றாதிருக்க

உண்மையை மறைப்பது பக்தி ஆகாது. ஐந்து கோடி ஏக்கர் திரட்ட வேண்டும் என்பது வினோபாவின் இலக்கு. நாடெங்கும் தானமாகக் கிடைத்தது 40 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். இலக்கில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கிடைத்ததிலும் ஒரு பெரும்பகுதி பாறையும் தரிசுமாக இருந்தது, அல்லது வழக்கில் சிக்கியிருந்தது. ஏழைகளின் கைக்குப் போய்ச் சேராத நிலமும் ஏராளம். ஹைதராபாத் நகரம் விரிந்து நிலத்தின் விலை ஏறிய பிறகு, அதன் சுற்றுப்புறத்துப் பூதான நிலங்களே தகராறுக்கு உரியவையாயின.

ஏரிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. நீரைத் தேக்குவதற்காக இருந்த இடங்கள் விற்பதற்கான மனைகளாகப் பார்க்கப்பட்டன. அரிஸ்டாட்டிலின் மொழியில் சொன்னால், செருப்பின் இரண்டாவது உபயோகம் முதலாவதை விழுங்கிவிட்டது. 2020 அக்டோபரில் பெருமழை பெய்தபோது தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு பொருளின் இயல்பை நாம் மறக்கலாம். அந்தப் பொருள் மறப்பதில்லை.

ஆகவே பூதானம் தோற்றுவிட்டதா? ஒரு நாள் பொங்கிய கருணை, சட்டமாகவும் நாள்தோறும் செய்யும் உழைப்பாகவும் மாறாவிட்டால் வற்றிவிடும் என்பதே அது நமக்குக் கற்பிக்கும் பாடம். நற்குணம் என்பது ஒருநாள் செயலன்று, பழகிப் பழகி வரும் இயல்பு என்று அரிஸ்டாட்டிலும் வற்புறுத்துகிறார். தமிழகத்தில் அந்த ஊற்றை வற்றவிடாமல் காத்தவர்கள் உண்டு. பூதான இயக்கத்தில் வினோபாவுடன் நடந்த ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் 1981-இல் 'லாப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை முறைப்படி விலைக்குப் பெற்று, கீழைத் தஞ்சைப் பகுதியின் நிலமற்ற பெண்களுக்கு உரிமையாக்கினார்கள். போச்சம்பள்ளியும் இன்று 'பூதான் போச்சம்பள்ளி' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு நெய்யப்படும் சேலைகள் உலகப் புகழ் பெற்றவை. தறியின் நாடா தானாக ஓடவில்லை. மனிதக் கைகளே ஓட்டுகின்றன. அந்தக் கைகள் எவருடைய கருவியாகவும் இருக்கலாகாது என்பதை அவ்வூரின் பெயர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியது

நிலக்கிழார்களைப் பற்றிப் பேசுவது எளிது. நம்மில் பலருக்கு நூறு ஏக்கர் இல்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று தேவைக்கு மேல் இருக்கிறது. சிலரிடம் பணம்; சிலரிடம் கல்வி; ஓய்வு பெற்றவரிடம் நேரம்; இல்லத்தரசியிடம் பசித்தவர் முகம் அறியும் அன்பு. இவை யாவும் எதற்காக நம்மிடம் வந்தன?

இன்றிரவு உறங்கச் செல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். என்னிடமுள்ள பொருளில் எது தன் பயனை அடையாமல் பெட்டிக்குள் தூங்குகிறது? என் வீட்டிலும் அலுவலகத்திலும் யாரை நான் 'உயிருள்ள கருவி'யாக நடத்துகிறேன்? பாத்திரம் துலக்க வரும் அம்மையாரின் மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று எனக்குத் தெரியுமா? மூன்றாவதாக, உண்டு வளர்ந்து உறங்கிக் கழிந்த இந்த நாளில், மனிதனுக்கே உரிய தொழிலை நான் எந்த ஒரு கணத்திலாவது செய்தேனா?

கேள்விகள் கூர்மையானவைதான். ஆனால் நம்மை வாட்டுவதற்காக அவை எழவில்லை. விதையின் மீது மண் பாரமாகத்தான் கிடக்கிறது. அதைப் பிளந்துகொண்டே முளை மேலே வருகிறது. தன் நிறைவை நோக்கி வளரும் ஆற்றல் விதைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. மனிதருள்ளும் அவ்வாறே இறைவன் வைத்திருக்கிறான். ஒருவருடைய 'எதற்காக'வைத் தீர்மானிக்கும் உரிமை வேறொருவருக்கு இல்லை. அவர் மலர்வதற்கு வேண்டிய மண்ணையும் நீரையும் கொடுக்கும் கடமை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

போதும் என்று சொல்லும் தெளிவை அந்த ஏழைகளிடமிருந்தும், கேட்டதற்கு மேல் கொடுக்கும் பெருந்தன்மையை அந்த நிலக்கிழாரிடமிருந்தும் கற்றுக்கொள்வோம். எல்லா உயிர்களிலும் உறையும் பரம்பொருள், நம் பொருளுக்குப் பயனையும் நம் பிறவிக்கு நிறைவையும் அருள்வாராக!